கையெழுத்து நாளும் இறுதி ஆட்டமும்

நனைந்த கையுறைகளை ஹீட்டரின் மேல் காயப்போட்டால் வீடு முழுவதும் புளித்த ரப்பர் நாற்றம் அடிக்கும். அம்மா அதற்காக ஒருநாளும் என்னை ஏசியதில்லை. அவருக்கு இருந்த கவலைகளில் நாற்றத்துக்கு இடமில்லை. அது 2012ஆம் ஆண்டுக் குளிர்காலம். அவுஸ்திரேலியாவில், பென்டில் ஹில்லில் ஓர் அறை வீடு, படகில் வந்த எங்கள் இருவரின் கையிலும் தற்காலிக விசா. பதினொன்றாம் வகுப்பில் இருந்த நான் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் காத்தேன்; உயரமாக இருக்கிறாள் என்று பயிற்சி கொடுத்த "மிஸ்" என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்.

அம்மாவின் பயமெல்லாம் அண்ணாவைப் பற்றியது. போர் முடிந்து புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்த அவன் வன்னியிலேயே தங்கிவிட்டான். அப்படி வந்தவர்கள் ஞாயிறுதோறும் இராணுவ முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். தாயும் தங்கையும் எங்கே என்று அங்கே கேட்டபோது, "இந்தியாவில சொந்தக்காரரோட நிக்கினம்" என்று சொல்லியிருந்தான். அது பொய்யென்று தெரிந்தால் அவனைத்தான் பிடித்து உலுப்புவார்கள். ஆகவே எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு சட்டம்: "படத்துக்கு மட்டும் நிண்டிடாதை."

பாழாய்ப்போன அந்தப் பருவத்தில் நாங்கள் வென்றுகொண்டே போனோம். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் மிஸ் கமராவைத் தூக்குவார்; நான் குனிந்து சப்பாத்து லேஸைக் கட்டத் தொடங்குவேன். அணியின் மற்றப் "பெட்டைகள்" எனக்கு "லேஸ்" என்றே பட்டம் வைத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பந்துக்கு நான் ஒருபோதும் பயந்ததில்லை. வேலியோரம் ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்கும் தாய் தகப்பன்மாருக்குத்தான் பயந்தேன்.

அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் ஒரு தண்ட உதையைப் பாய்ந்து தடுத்தேன். பாய்கிறவளுக்கு லேஸ் கட்ட நேரம் ஏது? அடுத்த புதன்கிழமை விடிய, வீட்டு வாசல்களில் எறிந்துவிட்டுப் போகும் இலவசப் பத்திரிகையில், நான் அந்தரத்தில் நீண்டு கிடக்கும் படமும் கீழே என் முழுப்பெயரும் வந்திருந்தன.

அம்மா கத்தவில்லை. "சப்பாத்தைப் போடு" என்று மட்டும் சொல்லி இரண்டு பெரிய பைகளை எடுத்தார். அந்தக் குளிரில் தெருவின் இரண்டு பக்கமும் புல்லில் கிடந்த பத்திரிகைகளைப் பொறுக்கினோம். நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தெருவைத் துப்புரவு செய்கிறோம் என்று நினைத்து நன்றி சொன்னார். வட்டாரம் முழுவதற்கும் அச்சடித்ததை ஒரு தெருவில் பொறுக்கி என்ன பயன் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அன்று பின்னேரம் தமிழ்ப் பலசரக்குக் கடை அன்ரி வாயெல்லாம் பல்லாக அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "உங்கட பிள்ளையின்ர படத்தை ஃபேஸ்புக்கில போட்டிட்டன். ஊர்ச் சனமும் பாக்கட்டுமே!" அம்மா வாங்கிய பருப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். படத்தை நீக்கச் சொன்னால் அன்ரி ஏன் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் அதுவும் ஊருக்குப் போகும்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். மறுநாள் அண்ணாவின் கையெழுத்து நாள். அம்மா என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. நானேதான் மிஸ்ஸுக்கு அழைத்து, கால் சுளுக்கிவிட்டது என்று பொய் சொன்னேன். இன்னொரு படம் வந்து அவனுக்கு ஏதும் நடந்தால் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? ஞாயிறன்று, வழக்கமாகப் பின்னேரம் அழைப்பவன் இருட்டியும் அழைக்கவில்லை. அம்மா சமைக்கக் குசினிப் பக்கமே போகவில்லை. நான் ஃபோனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிபோல அழைத்து, "சாப்பிட்டாச்சே அம்மா?" என்றான், எப்போதும்போல. அதற்குப் பிறகு நான் கையுறைகளைத் தொடவேயில்லை.

அந்தப் பத்திரிகை இப்போது வருவதில்லை. மைதானத்தின் பாதியில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. போன வருடம் அண்ணா எங்களைப் பார்க்க வந்தபோது, தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, அந்தப் படத்தைப் பற்றி முகாமில் கேட்டார்களா என்று ஒருவழியாக அவனிடம் கேட்டேன்.

"எந்தப் படம்?" என்றான். "நீங்கள் அவுஸ்திரேலியாவில எண்டு அவங்களுக்குக் கையெழுத்து வைக்கத் தொடங்கின முதல் மாதமே தெரியும். அடி தாங்கேலாமல் நான்தான் சொன்னனான். உங்களிட்டச் சொன்னால் நீங்கள் பயந்திடுவீங்கள் எண்டு விட்டிட்டன்."

அம்மா கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார். நான் போகாத அந்த இறுதி ஆட்டத்தில் என் அணி ஐந்து கோல் வாங்கித் தோற்றதை அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை.