பாட்டிலில் காயாத ஈரம்

எனக்குப் படிப்புத் திமிர் உண்டு. இல்லை என்று சொன்னால் என் அக்காவே சிரிப்பாள். செம்பூரில் ஒரு மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மக்கு உரத்திலிருந்து தழைச்சத்து எத்தனை நாளில் எவ்வளவு வெளிவரும் என்று கணினியில் மாடல் போட்டுச் சொல்வேன். தாராவியில் தோல் பை தைத்துக்கொண்டிருந்த அக்காவும் அத்தானும் நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தபோது, உர விஷயம் என் பொறுப்பு என்று முந்திரிக்கொட்டையாக முந்திக்கொண்டேன்.

தோட்டத்து மண்ணோடு உரத்தைக் கலந்து பாட்டில்களில் அடைத்தேன். வாரம் தவறாமல் எடை பார்த்து, குறைந்த ஈரத்துக்குத் தண்ணீர் விட்டேன். கணினித் திரையில் தழைச்சத்துக் கோடு என்னமாய் ஏறியது!

"அக்டோபர்ல கொடியை வெட்டினதும் வரிசைக்கு நடுவுல பரப்பிடுங்க. யூரியாவே வேண்டாம்," என்றேன்.

அத்தான் இழுத்தார். "நடுவுல தண்ணி போவாதேம்மா. சொட்டுநீர்க் குழாய் செடி மூட்டுலதான கெடக்கு?"

"அவ படிச்சவ. அவளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிட்டு?" என்று அக்கா சீறினாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது; வெட்கங்கெட்டவள் நான்.

அடுத்த மாதமே இலைகள் வெளிறின. அத்தான் ஒரு பையில் மண்ணை அள்ளிக்கொண்டு நேரே என் ஆபீசுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். உரம் போட்டபடியே சருகாகக் கிடந்தது. என் பாட்டில்களில் ஈரம் காயவே இல்லை; அங்கே ஒரு சொட்டுக்கூட அதன் மேல் விழவில்லை. ஈரமில்லாமல் எது மக்கும்?

அன்றைக்கே போன் செய்து, "சொட்டுநீரில் யூரியா கரைத்து விடுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மாடலை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான். எட்டு நாள் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தாராவியில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அத்தானும் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அக்கா அத்தானை வறுத்தெடுத்தாள். "அவ சொன்னபடி பரப்பத் துப்பில்ல. ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கீயளா?"

அத்தான் தலையைக் குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன்.

"அத்தான் மேல தப்பு இல்லக்கா. என் கணக்குதான் தப்பு. அவர் அன்னைக்கே சொன்னார்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அத்தான் கோபப்படவே இல்லை. "சரிம்மா, இப்ப யூரியா விட்டா தேறிக்கிடுமா?" என்றார்.

"பூ வந்துட்டு அத்தான். குலை சிறுத்துத்தான் போகும். போன வாரமே விட்டிருக்கணும்."

"போன வாரமே ஒனக்குத் தெரியுமாட்டி?" என்றாள் அக்கா.

தெரியும் என்று தலையாட்டினேன்.

அவள் குனிந்து, பாதிச் சோறு மீதியிருந்த என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.