அழுதுகொண்டே சொன்ன வாதம்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பார்சிப்பனியில் சனிக்கிழமை மத்தியானங்களில் போவதற்கு எனக்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று கோவில், இன்னொன்று ஜட்ஜ் வீட்டு பேஸ்மென்ட். மனைவி இறந்த பிறகு கோவிலை நிறுத்திவிட்டேன். அங்கே எதிர்ப்படுகிறவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். பேஸ்மென்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. பெரிய திரையில் விண்வெளித் தொடர் ஓடும், அங்கே கூடுகிற நண்பர்கள் எல்லோரும் திரையைத்தான் பார்ப்பார்கள்.

ஜட்ஜ் என்பது நாங்கள் வைத்த பெயர். உண்மையில் அவர் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர், சென்னைக்காரர், என்னைவிடச் சின்னவர். எபிசோட் முடிந்ததும் டிவியை ஊமையாக்கிவிட்டு அவர் ஒரு தீர்ப்புச் சொல்வார்: பார்த்தது சயின்ஸ் ஃபிக்‌ஷனா, இல்லையா. அவருக்கு ஒரே ஒரு சோதனைதான். கதையிலிருந்து அறிவியலை உருவிவிட வேண்டும். அதற்குப் பிறகும் கதை நின்றால் அது சயின்ஸ் ஃபிக்‌ஷன் இல்லை. ராக்கெட்டில் ஏறிய மெகா சீரியல். லேசர் துப்பாக்கியும் பச்சை நிற மனிதர்களுமாக எத்தனையோ தொடர்கள் அந்த சோபாவில் தள்ளுபடியாகியிருக்கின்றன. சில வாரம் தொடரைவிட அந்தச் சண்டைதான் சுவாரசியமாக இருக்கும். நானும் நன்றாகவே சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை வந்த கதை இது. ஒருவன் விண்கலத்தில் பூமியை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கிறான். மனைவி தினமும் அவனுக்குப் பேசி அனுப்புகிறாள். தூரம் கூடக் கூட, அவள் பேசியது அவனை வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது. முதல் காட்சியிலேயே அவள் இறந்துவிடுகிறாள். அது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவள் சாவதற்கு முன் பேசியதெல்லாம் இன்னும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிறான். அவள் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரிக்கிறான்.

அவன் சிரித்த இடத்தில் நான் அழுதுவிட்டேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எலுமிச்சை சாதம் வேண்டும் என்று காலையில் போனில் கேட்டாள். ஆபீசிலிருந்து கிளம்பி, வழியில் நம்ம ஊர்க் கடையில் நிறுத்தி வாங்கினேன். ஊறுகாய் வைக்க வேண்டாம், அவளுக்கு ஆகாது என்றேன். கடைக்காரர் ஏதோ கிண்டலாகச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது அவள் இறந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. போன் காரில் கிடந்தது. இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேஸ்மென்ட்டிலும் சொல்லவில்லை.

ஜட்ஜ் டிவியை ஊமையாக்கினார். என் பக்கம் திரும்பவில்லை.

"ரிஜெக்டட். ராக்கெட்டுக்குப் பதிலா கப்பலைப் போடுங்க, ரேடியோவுக்குப் பதிலா தபாலைப் போடுங்க. பர்மாவுக்குப் போன புருஷன், ஊர்ல செத்துப்போன பொண்டாட்டி, லேட்டா வர்ற லெட்டர். கதை அப்படியே நிக்குது. அப்புறம் எங்க சார் சயின்ஸ்?"

நல்ல வாதம்தான். வேறொரு நாளாக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

"இல்ல," என்றேன். "லெட்டர்ல இருக்கறது பழைய சேதின்னு படிக்கறவனுக்குத் தெரியும். இவனுக்கு அவ குரல் கேக்குது. இப்பதான் பேசறா மாதிரி இருக்கு. அந்தத் தூரத்தை எடுத்துட்டா…" அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. "எடுத்துட்டா அவன் சிரிச்சிருக்க மாட்டான்."

'மாட்டான்' என்பது வார்த்தையாக வரவில்லை. ஏதோ ஒரு சத்தமாக வந்தது.

"சார், இது ஆர்க்யுமென்ட் இல்ல, எமோஷன்," என்றார் ஜட்ஜ். "எமோஷனுக்கெல்லாம் ஓட்டு கிடையாது." பிறகு எல்லோரையும் கட்டைவிரல் காட்டச் சொன்னார். எல்லா விரல்களும் கீழே போயின.

மறுநாள் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. நான் வாயைக் கோணிக்கொண்டு அந்தச் சத்தத்தை எழுப்புகிறேன். கீழே, "இவருக்கு ஒரு ஆஸ்கார் பார்சல்." கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. அனுப்பியவர் எழுதினார்: "ஸாரி சார், ராங் குரூப்."

அப்படியானால் இன்னொரு குரூப் இருந்தது. நான் இல்லாத ஒன்று. அதில் அந்த வீடியோ பத்திரமாக இருந்திருக்கும். எனக்கு அனுப்பியதற்குத்தான் அவர் மன்னிப்புக் கேட்டார், எடுத்ததற்கு இல்லை.

அந்த வாரமே என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைத் தூக்கி எறிந்தாள். குரூப்பில் இருந்த யாரோ ஒருவரின் மகன் பஸ்ஸில் காட்டியிருக்கிறான்.

"எவ்ரிபடி ஸா இட், அப்பா. யூ க்ரைட் அட் அ ஸ்பேஸ் ஷோ."

"அது அம்மா…" என்று ஆரம்பித்தேன்.

"டோன்ட்," என்றாள். "டோன்ட் புட் தட் ஆன் அம்மா."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், சனிக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது? ஜட்ஜ் வாசலிலேயே என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு எபிசோட்லயும் ஒரு டெத் இருக்கு. உங்களுக்காகத்தான் சொல்றேன். கொஞ்ச நேரம் மேல கிச்சன்ல உக்காருங்க. முடிஞ்சதும் கூப்பிடறேன்."

சரி என்று தலையாட்டினேன். இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது அந்தத் தலையாட்டல்தான்.

கிச்சனில் அவர் மனைவி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காபி கொடுத்தார். "இவங்கல்லாம் அப்படித்தான்ணா, மனசுல வெச்சுக்காதீங்க," என்றார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அப்போது கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. யாரோ என்னைப் போல அழுது காட்டினார்கள். அச்சு அசலாக இருந்தது. வாத்து கத்துவதுபோல, கடைசியில் ஒரு விக்கல். கூடவே சிரிப்பு. மாடிப்படி வழியாக எல்லாம் தெளிவாகக் கேட்டது.

அவர் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. கரண்டியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

காபியை சிங்க்கில் கொட்டி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கராஜ் வழியாக வெளியே வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

வீட்டில் மகள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து ஏதோ தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலும் ஒரு விண்கலம். பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டேன்.

"இட்ஸ் சீசன் த்ரீ. யூ வோன்ட் கெட் இட்."

பரவாயில்லை என்று உட்கார்ந்தேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். டிவியில் சத்தம் நின்றுபோனது. யார் யாரையோ துரத்தினார்கள், ஏதோ வெடித்தது. முடியும்வரை பார்த்தேன். முடிந்ததும் அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள்.

சில மாதங்கள் கழித்து இந்தியன் ஸ்டோரில் ஜட்ஜைப் பார்த்தேன். கூடவே மனைவி. அவர் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ஜட்ஜ் முகம் மலர்ந்து வந்து கை கொடுத்தார்.

"என்ன சார், ஆளையே காணோம்? புது சீரிஸ் ஆரம்பிச்சிருக்கோம். ப்யூர் சயின்ஸ் ஃபிக்‌ஷன். மனுஷங்களே கிடையாது, எல்லாம் மெஷின். உங்களுக்கு சேஃப்."

நகைச்சுவையாகச் சொல்கிறாரா, அக்கறையாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அக்கறையாகத்தான் சொன்னார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தயிர் டப்பாவுக்குப் பணம் கட்ட வரிசையில் போய் நின்றேன். நான் போகவில்லை. அவர்களும் பிறகு கேட்கவில்லை.