அண்ணியின் அணையாத பெட்டி

என் அண்ணிக்குத் தொழில் கல்யாணப் போட்டோ எடுப்பது. எங்கள் வீட்டில் திங்கட்கிழமை வந்தால் முகம் சுளிக்காத ஒரே ஆள் அவள்தான்.

போன வருஷம் அவளுடைய ஹார்ட் டிஸ்க் ஒன்று மேஜையிலிருந்து விழுந்தது. அதோடு ஒரு பெண்ணின் கல்யாணப் படங்கள் மொத்தமும் போயின. பெண்ணின் அம்மா வாசலுக்கு வந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒரு படம்கூட இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அண்ணி கேமராவைத் தொடவே இல்லை.

அண்ணன் பொறுமைசாலி என்று வெளியே பேர். வீட்டில் அந்தப் பேர் செல்லாது. "போதும், கேமராவை வித்துடு. அடுத்தவங்க கல்யாணத்தைத் தொலைக்கிற வேலை நமக்கெதுக்கு?" என்றான்.

"இன்னும் ஒரே ஒரு கல்யாணம். அதுல ஒரு படம் போனாலும் நானே வித்துடறேன்" என்றாள் அண்ணி.

படங்களைப் பத்திரமாக வைக்கிற பெட்டி கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு அண்ணி மரியாதையாகத் திரும்பி வந்துவிட்டாள். நாமே கட்டிக்கொள்ளலாம் என்றாள். என் ஆபீசில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை நான்தான் தோளில் சுமந்து வந்து கொடுத்தேன். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லமாட்டார்கள். வீடியோ பார்த்துப் பார்த்து அதில் இரண்டு டிஸ்க்கை மாட்டினாள். "இதுல எழுதறது அப்படியே அதுலயும் எழுதும் தம்பி. ஒன்னு மண்டையைப் போட்டாலும் இன்னொன்னு இருக்கும்" என்றாள்.

அப்பாவைத்தான் கணக்கில் எடுக்கவில்லை.

அப்பா மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆள் இல்லாத அறையில் ஒரு சுவிட்ச் போட்டிருந்தால் அவருக்குக் கை அரிக்கும். ஆள் இருந்தாலும் அசையாமல் கிடந்தால் அணைத்துவிடுவார். சோபாவில் படுத்திருக்கும்போது என் தலைக்கு மேலே ஃபேன் நிற்பது எனக்குப் பழகிவிட்டது. அண்ணி பழைய படங்களை ஏற விட்டுவிட்டுக் கடைக்குப் போய் வருவதற்குள் பெட்டி செத்துக் கிடந்தது. பாதி எழுதியது பாழ்.

"மாமா, அது வேலை செஞ்சிட்டிருந்துச்சு."

"யாரும்மா வேலை செஞ்சது? ரூம்ல ஒருத்தரும் இல்லையே!"

அண்ணி சண்டை போடவில்லை. என்னிடம் வந்து, "மாமாவை மாத்த முடியாது தம்பி. பெட்டியைத்தான் மாத்தணும்" என்றாள்.

ரிப்பேர் கடையிலிருந்து ஸ்க்ரீன் நொறுங்கிய லேப்டாப் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தாள். ஸ்க்ரீன் எதற்கு, உள்ளே பேட்டரி நன்றாக இருக்கிறதே என்றாள். வெளி வயரில் கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். யூஎஸ்பி வயரிலேயே ஓடுகிற சின்ன டிஸ்க்குகள் இரண்டை அதில் சேர்த்து, வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். கரண்ட் போனால் அவள் போனுக்குச் செய்தி வரும். வைஃபையை மட்டும் அப்பா அணைக்கமாட்டார், அவர் நியூஸ் பார்க்க அது வேண்டுமே.

ஆனாலும் இரவும் பகலும் ஓடுகிற பெட்டி என்றதும் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. விசாரணை வைத்தார். அந்தப் பெட்டி தவிர வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மீட்டர் முன்னால் நின்றார். நாங்கள் பேப்பரால் விசிறிக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தோம். மீட்டரில் கரண்ட் செலவுக்கேற்பச் சிமிட்டும் சிவப்பு விளக்கு ஒரு தரம் மின்னியது. அப்புறம் வெகுநேரம் ஒன்றையும் காணோம்.

"மீட்டர் ரிப்பேரோ?" என்றான் அண்ணன்.

"என்னைச் சொல்லு, மீட்டரைச் சொல்லாதே" என்று சீறினார் அப்பா. பிறகு அண்ணியைப் பார்த்து, "நைட் லேம்ப் அளவுதாம்மா திங்குது. தாராளமா ஓடட்டும்" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே வந்தவர், பழக்கதோஷத்தில் அந்த சுவிட்சைத்தான் முதலில் அணைத்தார். பெட்டியின் பச்சை விளக்கு அசரவில்லை. அண்ணியின் போன் சிணுங்கியது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், அப்பாவும்தான்.

அந்த ஒரே ஒரு கல்யாணம் வந்தது. காலையில் எடுத்ததை மதியம் பெட்டியில் ஏற்றி, கேமரா கார்டுகளைக் காலி செய்துகொண்டு சாயங்கால வரவேற்புக்கு ஓடினாள். இருப்பதே இரண்டு கார்டு, வேறு வழியில்லை. மேடையில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே போனில் செய்தி. வீட்டுக்குக் கூப்பிட்டு, "மாமா, கை வெச்சிட்டீங்களா?" என்றாள்.

"ஐயையோ, இதோம்மா!" என்றது மறுமுனை.

அதோடு போகவில்லை. மறுநாள் காலையில் பெட்டியிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. ஒரு டிஸ்க் மண்டையைப் போட்டிருந்தது. போன தடவை கேட்ட அதே சத்தம். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அந்த அம்மா வாசலில் நின்றது கண்முன் வந்தது. அண்ணி செத்த டிஸ்க்கைப் பிடுங்கி எடுத்தாள், இன்னொன்றைத் திறந்தாள்.

படங்கள் வரிசையாக வந்து நிறைந்தன. முகூர்த்தம், மாலை, பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பது, பந்தியில் தூங்கிப்போன குழந்தை. ஒன்றுகூடக் குறையவில்லை. அண்ணி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது, அடித்துவிட்டேன்.

"கேமராவை விக்கணும்னு எவன் சொன்னான்?" என்றான் அண்ணன்.

"யாரோ சொன்னாங்க" என்றாள் அண்ணி.

அப்பா மட்டும் எழுந்துபோய்த் தன் பழைய வேலைப் பையைக் குடைந்தார். கையில் கம்பியும் ஈயக் குண்டும் குறடுமாக வந்தார். மீட்டரை யாரும் திறக்காமலிருக்க ஆயுள் முழுக்க ஊர் ஊராகப் போட்ட சீல். அந்த சுவிட்சை ஆனில் வைத்து, குறுக்கே கம்பியை இழுத்துக் கட்டி, ஈயத்தை அழுத்தினார்.

"சீலை உடைச்சா குத்தம். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார்.

சாயங்காலம் வழக்கம்போல் ரவுண்டு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நீண்ட கை, சீலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அடுத்த நிமிஷம் என் தலைக்கு மேலே ஃபேன் நின்றது.