வெள்ளையனைக் கட்டச் சொன்னது நான்

வெள்ளையனின் இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டச் சொன்னது நான்தான். இப்போது பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். வெள்ளையன் ஜவ்வாது மலையில் சாமை விதைப்பவர், எழுபது வயது. சர்க்கரை நோயால் காலில் புண், சீழ், கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாம் நாள் டெலிரியம், அதாவது காய்ச்சலில் வரும் புத்தித் தடுமாற்றம், வந்தது. ஆள் அடையாளம் தெரியவில்லை. டிரிப் ஊசியைப் பிடுங்கினார்.

"அவங்க ஊட்டம்மா வெளியதான் இருக்காங்க டாக்டர். பக்கத்துல உக்கார வெச்சா அடங்குவாரு" என்றார் சிஸ்டர்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, பேண்டேஜ் துணியால் கட்டச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியதும் தெளிந்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளை எழுதினேன். அந்த மூன்று நாளில் அவருக்கு என்ன ஆயிற்று என்று அவரிடமும் சொல்லவில்லை, மனைவி ராமாயியிடமும் சொல்லவில்லை. தெளிந்தவருக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிரெஸ்ஸிங்குக்கு வர வேண்டியவர் வரவேயில்லை. பத்தாம் நாள் ராமாயி மட்டும் வந்தார்.

"அதுக்குக் கால்ல ரெண்டு விரல் கறுத்துப் போச்சுங்க. வான்னா வரமாட்டேங்குது. ஜீப் சத்தம் கேட்டா சாமக்கொல்லைல பூந்துக்குது."

"எதுக்குங்க?"

"ஃபாரஸ்ட்காரங்க புடிச்சிக் கட்டிப் போட்டாங்களாம். கேஸு இன்னும் முடியலியாம். அது ஒரு மரத்த வெட்னதில்லீங்க!"

எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம்தான். ஆஸ்பத்திரியை மறந்தவருக்குக் கட்டு மட்டும் எப்படி நினைவிருக்கிறது? பிறகுதான் உறைத்தது. கால் போய்விடும், காரணம் நான்.

மறுநாள் மலையேறினேன். பைக்கை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தேன். வெள்ளையன் வாசல் பந்தலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா, சம்மனா?"

"இல்லீங்க. உங்களக் கட்டினது ஃபாரஸ்ட்காரங்க இல்ல, நான். ஆஸ்பத்திரில. காய்ச்சல்ல உங்களுக்கு நெனவு தடுமாறிடுச்சு. நான் உங்க ஊட்டம்மாவ உள்ள வுட்டிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்."

"அப்ப கேஸு?"

"கேஸே இல்லீங்க."

"கையக் குடு" என்றார். தோள் துண்டால் என் இரண்டு கைகளையும் பந்தல்காலோடு சேர்த்துக் கட்டினார்.

"ஐயோ, டாக்டருய்யா அவரு!" என்று ராமாயி பதறினார்.

"நீ சும்மா கெட." என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் தெரியவில்லை; என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆவல்தான் இருந்தது. "இப்ப இன்னா பண்ணுது?"

"மூக்கு அரிக்குது."

வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கும் மொதல்ல மூக்குதான். சொறிஞ்சு வுடுங்கடான்னு கத்துனேன், ஒருத்தனும் வரல."

அவருடைய ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் 'காரணமின்றிக் கத்துகிறார்' என்று நான் எழுதியிருந்தேன்.

கட்டை அவிழ்த்தார். என் பைக்கிலேயே வந்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது, கால் தப்பியது. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் ராமாயி பக்கத்திலேயே இருந்தார்.

ஓய்வு பெறும்வரை, டெலிரியம் வந்து தெளிந்த ஒவ்வொரு முதியவரிடமும் டிஸ்சார்ஜின்போது ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை கேட்டேன்: "அப்ப இன்னா பாத்தீங்க?" கேட்டால் சொல்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

வெள்ளையன் டிரெஸ்ஸிங்குக்குத் தவறாமல் வந்தார். ஆனால் கட்டில் பக்கம் போகமாட்டார். "அது மட்டும் வேணாங்க" என்பார். அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, நான் தரையில் உட்கார்ந்து கட்டுப் போட்டேன்.