மொட்டை மாடியும் வைஃபை பெட்டியும்

பின்னேரத்து அஸர் தொழுது முசல்லாப் பாயை மடித்ததும் ஸம்றா மாடிப்படியில் கால் வைத்துவிடுவாள். மேல்மாடி என்று அங்கே ஒன்றும் இல்லை. கட்டி முடிக்காத தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும் வெறும் தளம்தான். தண்ணீர்த் தாங்கியின் சீமெந்துத் திட்டில் போனைச் சாய்த்து, கடற்காற்றில் விழாமல் இரண்டு பக்கமும் ஓட்டுத்துண்டு முட்டுக்கொடுத்து, வெயில் முகத்தில் விழுகிற மாதிரி மேற்கே பார்த்து உட்காருவாள். இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் அவளால் கதைக்க முடியும்.

ஸம்றாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. புருஷன் றுமைஸுக்கும் அப்படியே. அவன் கட்டாரில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறான். இங்கே அஸர் என்றால் அங்கே பகல் சாப்பாட்டு நேரம். ஒரு கையால் சோற்றை அள்ளி, மறுகையால் கதைப்பான். முக்கியமான கதை வந்தால் சோற்றை வைத்துவிடுவான்.

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் அவளுடைய வீடு. சீதனமாக வந்த வீடு. உம்மாவும் அவளோடுதான் இருக்கிறார். பின்பக்கம் தகரம் போட்ட குசினியில் ஸம்றா கேக் செய்து விற்கிறாள். ஓடர்கள் வாட்ஸ்அப்பில் வரும். போனை இடுப்பில் செருகி வைத்திருப்பாள், அதிர்ந்தால் தெரியும். ஆனால் மா அடிக்கும் பீட்டரைக் கையில் பிடித்துவிட்டால் உடம்பெல்லாம் அதிரும், போனின் அதிர்வு அதில் கரைந்துபோகும்.

சண்டையில் அவளுக்கு ஓர் ஆயுதம் உண்டு. கண்ணை மூடிக்கொள்வாள். அதற்குமேல் யார் எதைச் சொன்னாலும் அவளிடம் போய்ச் சேராது. “இவள் கண்ண மூடினாளெண்டா மறுகா ஒண்டும் செய்யேலா, கதவுக்குப் பூட்டுப் போட்ட மாதிரித்தான்” என்பார் உம்மா.

உம்மாவின் பெயர் ஆயிஷா. ஊரில் எல்லோருக்கும் ஆயிஷா உம்மா. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவளோடு சேர்ந்து கைப்பேச்சைக் கற்றவர். ஒரு விரல் அசைவும் அவருக்குத் தப்பாது. அதுதான் சிக்கலும். மற்றவர்கள் இரகசியம் கதைக்கக் குரலைத் தாழ்த்தலாம். ஸம்றாவுக்கு அந்த வசதி இல்லை. கண் படுகிற தூரத்தில் உம்மா இருந்தால், கதை உம்மாவுக்கும் சேர்த்துத்தான். முழங்கால் வலியால் ஆயிஷா உம்மா படி ஏறுவதில்லை. அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் தனித்திருந்த இடம் மொட்டை மாடி ஒன்றுதான்.

குசினிக்குள் சிக்னல் எடுக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. சுஜித்தாவின் கேக்கில்தான் அது பெரிதாக வெடித்தது. கல்முனையில் வங்கியொன்றில் வேலை செய்யும் சுஜித்தா, மாற்றலாகிப் போகும் மேலாளருக்குப் பிரியாவிடைக் கேக் சொல்லியிருந்தாள். பின்னேரம் நடக்க இருந்த நிகழ்ச்சி பகலுக்கு மாறிவிட்டது. காலையிலேயே செய்தி அனுப்பினாள், போன் அதிரட்டும் என்று அழைத்தும் பார்த்தாள். ஒன்றுமே குசினிக்குள் வரவில்லை. ஸம்றா கிறீம் பூ வைத்து முடித்து, அஸருக்குப் பிறகு மாடிக்கு ஏறியபோதுதான் எல்லாம் கொத்தாக வந்து விழுந்தன. கடைசிச் செய்தி: “பரவாயில்ல தங்கச்சி, கடையில வாங்கிட்டம்.” அதற்குப் பிறகு சுஜித்தாவிடமிருந்து ஓடர் வரவில்லை.

விஷயம் ஸம்றாவின் கூடப்பிறந்த மூத்தவன், காக்கா இஹ்ஸானின் காதுக்குப் போனது. நற்பிட்டிமுனையில் கல்யாணம் முடித்து அங்கேயே இருப்பவன். கல்முனையில் போன் கடை வைத்திருக்கிறான். மறுநாளே ஒரு வைஃபை ரவுட்டர்ப் பெட்டியோடு வந்து நின்றான். தங்கையிடம் விரலாலும் முகத்தாலும் சொன்னதையே உம்மாவிடம் வாயாலும் சொன்னான்.

“போனுக்கு டேட்டா போடுறத இனி நிப்பாட்டுங்க. ரெண்டுக்கும் சேத்துக் கட்டேலா. இத விறாந்த ஜன்னல்ல வெச்சா குசினி வரைக்கும் வேல செய்யும்.”

“மேல?” என்று ஸம்றா விரலை உயர்த்திக் கேட்டாள்.

“மேல எடுக்காது. கொங்கிறீட் தட்டு தடிப்பம். அறைக்குள்ளயும் விட்டு விட்டுத்தான் வரும். விறாந்தையில இருந்து கதையன், வெயிலும் இல்ல, காத்தும் இல்ல.”

ஸம்றா போனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். கேக் கெட்டால் தொழில் கெடும். தலையாட்டினாள்.

பெட்டி சொன்ன வேலையைச் செய்தது. குசினியில் மாவு கலக்கும்போதே படங்கள் வந்து இறங்கின. ஓடர் ஒன்றுகூடத் தவறவில்லை. வீடியோவில் றுமைஸின் முகம் கண்ணாடிபோலத் தெரிந்தது. மாடியில் கதைத்த காலத்தில் அவன் கை பாதியில் உறைந்து நின்றுவிடும், “வாறன்” என்கிறானா “வரல்ல” என்கிறானா என்று தடுமாற வேண்டியிருக்கும். இப்போது அந்தத் தடுமாற்றம் இல்லை. ஆனால் அவள் தோளுக்குப் பின்னால், கதிரையில், உம்மா இருந்தார். கீரை ஆய்ந்துகொண்டே கதையில் கலந்துகொள்வார். இரண்டு பேருக்கும் நடுவில் கையை நீட்டி, “மருமகன், மேல்மாடிய முடிச்சிட்டு வாங்க. அரகொறயில விட்டா ஊர் சிரிக்கும்” என்பார். றுமைஸ் நெஞ்சில் கை வைத்து, மரியாதையாகத் தலையசைப்பான். வர வரக் கதை சுருங்கியது. சாப்பிட்டியா, சாப்பிட்டன். சுகமா, சுகம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஸம்றா ஒன்றைக் கவனித்தாள். அவன் முன்னால் சோறு இல்லை. ஆனாலும் வலது கையால் மட்டுமே கதைத்தான். இடது கை படத்துக்குக் கீழே எங்கேயோ இருந்தது.

“மத்தக் கை எங்க?” என்று கேட்டாள்.

அவன் கண் அவளைத் தாண்டி உம்மாவிடம் போய்த் திரும்பியது. “ஒண்டுமில்ல” என்றான். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வீடியோவை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு எழுத்துச் செய்திகள் மட்டும் வந்தன. இங்கே நெட் சரியில்லை என்று எழுதினான். கையால் பொய் சொல்லும்போது றுமைஸின் புருவம் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துக்குப் புருவம் இல்லை.

ஸம்றா யாரிடமும் கேட்கவில்லை. சந்திக் கடையில் போனுக்கு டேட்டா போட்டுக்கொண்டு, நேரே மாடிக்கு ஏறினாள். அவன் எடுக்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப அழைத்தாள். எடுத்ததும் போனைக் கையில் தூக்கிச் சுற்றிக் காட்டினாள்: கம்பி, தாங்கி, கடல், வேறு யாரும் இல்லை.

அவன் இடது கையைத் தூக்கினான். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. உடுப்பு அழுத்தும் மெஷினின் சுடு ஆவி கையில் அடித்திருந்தது.

“விரல் அசையுதா?” அதைத்தான் அவள் முதலில் கேட்டாள். கை போனால் மற்றவர்களுக்குக் கைதான் போகும். அவர்கள் இருவருக்கும் நாக்கும் போய்விடும். துணிக்குள் இருந்து விரல் நுனிகள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்ந்தன. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகுதான் அவன் மிச்சத்தைச் சொன்னான். “உம்மாக்கு முன்னால எப்பிடிக் காட்டுற? மாடிய முடிக்க ஏலாதவன் எண்டு நெனப்பாங்க. வந்திடணும் போல கிடக்கு, ஸம்றா.”

கீழே வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆயிஷா உம்மா அதிர்ந்துபோனார். “யா அல்லாஹ்! எனக்கிட்டச் சொன்னா என்ன? நான் என்ன, ஊர்ப் பொம்புளையா?”

“நீங்க பின்னால இருந்தா அவர் கதைக்கமாட்டார்” என்றாள் ஸம்றா. “பெட்டி வேணாம். காக்காட்டக் குடுங்க. எனக்குப் போன் டேட்டா போதும்.”

“கேக் ஓடர்?”

“போகட்டும்.”

“பைத்தியக்காரி, ரெண்டையும் யோசிச்சுக் கதையன்…” என்று உம்மா தொடங்கியதும் ஸம்றா கண்ணை மூடிக்கொண்டாள். ஆயிஷா உம்மாவின் கைகள் அந்தரத்தில் நின்றன. அவர் குசினிக்குள் போனார்.

இஹ்ஸான் வந்து பெட்டியை எடுத்துப் போவதற்குள் மாரி பிடித்துக்கொண்டது. கடலும் ஒழுங்கையும் ஒரே நிறமாகிவிட்ட மழை. மொட்டை மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அஸர் தொழுதவள் படியடியில் நின்று மேலே பார்த்தாள், பிறகு விறாந்தைக்கு வந்தாள். ஜன்னலில் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதலாளி தன்னை ஊருக்கு விடுவதா இல்லையா என்று சொல்வதாக றுமைஸ் எழுதியிருந்தான்.

மேசையில் போனைச் சாய்த்து வைத்தாள். திரை வெளிச்சமானது. றுமைஸ் இரண்டு கையையும் தூக்கியவன், அவளுக்குப் பின்னால் பார்த்ததும் மெல்ல இறக்கினான்.

ஆயிஷா உம்மா வெங்காயத் தட்டைத் தரையில் வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கதிரையை இரண்டு கையாலும் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, முக்காட்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.