மருந்துக்குத் தடை இல்லை

ஏதோ ஒரு நாட்டின் மீது பல வருடங்களாக நீடிக்கும் பொருளாதாரத் தடையைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசும்போதெல்லாம், கடைசியில் ஒருவர் வந்து, மருந்துக்கு மட்டும் விலக்கு உண்டு என்பார். உடனே எனக்கு எங்கள் ஊர் மளிகைக்கடை ஃபிரிட்ஜ் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரி மீன் குத்தகை வருடா வருடம் ஒரே ஆளுக்குப் போகிறது என்று பெரியப்பா கோர்ட்டுக்குப் போனார். ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோனதற்காக ஊர் கூடி அவர் வீட்டைத் தள்ளிவைத்தது. அது நான் பிறப்பதற்கு முன்பு. கடையில் சாமான் கிடையாது, மில்லில் மாவு அரைக்க முடியாது, யாரும் பேசக் கூடாது. பேசினால் பேசியவர் வீட்டுக்கும் அதே கதி. மருந்துக்கும் சாவுக்கும் மட்டும் தடை இல்லை. இந்த இரக்கத்தில் ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பெருமை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைக்கு எதிர்வீடுதான் பெரியப்பாவுடையது. ஆனாலும் உப்பு வாங்க மானாம்பதிக்கு சைக்கிள் மிதிப்பார். கூடப் பிறந்த தம்பியான என் அப்பாவும் அவரிடம் பேசமாட்டார். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கழனி. தண்ணீர் நாளைக்குத்தான் வரும் என்று அப்பா எங்கள் எருமையிடம் சொல்வார். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தன் எருமையிடம், சரி, அப்போது நாளைக்கே பாய்ச்சிக்கொள்ளலாம் என்பார். எருமைகளுக்கு எதற்கு இவ்வளவு விவரம் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

ஒருமுறை ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, ஒரு குடும்பத்தை இப்படி ஒதுக்கிவைப்பது சட்டப்படி குற்றம் என்றார். ஊர்ப் பெரியவர் பணிவாகத்தான் பதில் சொன்னார்.

"யாரு சார் ஒதுக்கனாங்க? நாங்க பேசாம கீறோம், அவ்ளோதான். பேசியே ஆவணும்னு சட்டம் கீதா?"

அதிகாரி கடை ஃபிரிட்ஜிலிருந்து வந்த கலரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பெரியம்மாவுக்கு சர்க்கரை வியாதி. ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். அப்போது எங்கள் ஊரில் ஃபிரிட்ஜ் இருந்தது கடையில் மட்டும்தான். வாரம் ஒருமுறை வரும் நர்ஸம்மா, அதில் மருந்தை வைக்கலாமா என்று போய்க் கேட்க, ஊர் கூடியது. எனக்கு ஆறு வயது. முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். மருந்துக்குத் தடை இல்லை, சரி, ஃபிரிட்ஜ் மருந்தா என்று ஒருவர் கேட்டார். கரண்டு கடைக்காரருடையது, ஆகவே அது உதவி என்றார் இன்னொருவர். பெரியம்மா வரும்போது கடைக்காரர் கதவைத் திறந்துவிட்டால் அது பேசிய மாதிரி ஆகாதா என்று வேறொருவருக்குச் சந்தேகம். ஒருவழியாக, வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

ஆனால் கடைக்கார மாமா பயந்த சுபாவம். நாளைக்கு யாராவது கிளப்பிவிட்டால் தன் கடையையும் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று அவருக்கு நடுக்கம்.

"பொட்டில எடமில்லம்மா" என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டார்.

நான் எட்டிப் பார்த்தேன். கலர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் பாதி தர்பூசணி ஒன்று சொகுசாகப் படுத்திருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தலாமே என்று அம்மாவிடம் கேட்டேன். வாயை மூடு என்றாள்.

பெரியம்மா மருந்தை ஈர மணல் போட்ட சட்டிக்குள் வைத்துக்கொண்டாள். அந்த வருடத்துச் சித்திரை வெயிலில் மணல் ஈரம் தங்கவில்லை. கெட்டுப்போன மருந்து பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும். அதை அவள் வேளை தவறாமல் போட்டுக்கொண்டு வந்து, ஒருநாள் மயங்கி விழுந்தாள். மருந்துக்குத் தடை இல்லையே, ஆட்டோ உடனே வந்தது. மறுநாள் பெரியம்மாவின் உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

சாவுக்கும் தடை இல்லை. ஊரே வந்தது. அப்பா முதல்முறையாக எருமையின் துணையில்லாமல் "அண்ணா" என்றார். பெரியம்மாவின் மகள், கட்டிக்கொடுத்த அக்கா, வெளியூரிலிருந்து வந்து சேரவேண்டும் என்பதால், ஊர்ச் செலவில் உத்திரமேரூரிலிருந்து நீளமான கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்தது. பெரியம்மாவை அதற்குள் படுக்கவைத்தார்கள். கடைக்கார மாமாவே தன் கடையிலிருந்து வயர் இழுத்துக் கரண்டு கொடுத்தார். நான் கண்ணாடியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"பெரிப்பா, ஒங்க வூட்டுக்கே ஃபிரிட்ஜ் வந்துச்சு பாரு. பெரிம்மா காலாண்ட எடம் கீது. ஊசி மருந்த அங்க வெச்சிடலாம்" என்றேன்.

கடைக்கார மாமா வயரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். இவ்வளவு நல்ல யோசனை சொல்லியும் ஒருவர்கூட எழுந்துபோய் மருந்தை எடுத்து வரவில்லையே, ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.