கேக் அடுப்பில் இருபத்து நாலு ராடு

முதலியார்பேட்டை ஆனந்தமேரி இருபது வருஷம் ஜாக்கெட் தைத்தவள். நாற்பத்தாறாம் வயதில் தையல் மெஷின்களை விற்று, கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு வெல்டிங் மெஷின் வாங்கினாள். தெரு வாயைப் பிளந்தது. அவளுக்கு அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. அதுவும் இரண்டை ஒன்றாக்கும் வேலைதான். துணிக்கேற்ற நூல், இரும்புக்கேற்ற வெல்டிங் ராடு. ஜன்னல் கம்பிக்கும் கோழிக்கூண்டுக்கும் 6013 நம்பர் ராடு போதும். பாரம் தாங்கி அதிர்கிற இரும்புக்கு 7018. “ஷிஃபானுக்குச் சாக்குத் தைக்கிற நூலைப் போடுவீங்களா?” என்று, இரும்பு கேட்டுக்கு விலை விசாரிக்க வந்தவர்களை மடக்குவாள்.

ஆனால் 7018க்கு ஈரம் ஆகாது. புதுச்சேரிக் காற்றிலோ ஈரத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. மழைக்காலத்தில் அவள் ஒட்டிய இரண்டு டிரெய்லர் கொக்கிகள் அடுத்தடுத்து விட்டுப்போயின. கணவர் பிரான்சுவா தட்டாஞ்சாவடியில் மெஷினை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் பார்த்துவிட்டார். “அடுத்ததும் விட்டுச்சுன்னா குடுத்துடலாம் மேரி” என்றார். தலையை நிமிர்த்திக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டாள். நிமிர்த்திய தலையோடு சொல்வதெல்லாம் பிறகு தூக்கத்தைக் கெடுக்கும்.

அடுத்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. பாகூரில் நவரைப் பட்டத்து நெல்லுக்கு உழுதுகொண்டிருந்த அஞ்சலாட்சியின் டிராக்டரில், சேற்றுக்கென்று மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம் உடைந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு பேர் ஒட்டி, இரண்டு முறையும் விட்டது.

ராடைக் காயவைக்க முந்நூறு டிகிரி சூடு வேண்டும். அவ்வளவு சூட்டுக்குத் தெருமுனை பேக்கரியின் விறகடுப்பைத்தான் நம்பலாம். கிறிஸ்துமஸ் வாரத்தில் பேட்டையே கேக் மாவை அங்கேதான் கொண்டுபோய் வேகவைக்கும். காலையில் கேக்குக்கு ஆகாத கொதிசூட்டில் அடுப்பு இருக்கும்போது, மூடிபோட்ட நீள ரொட்டி டின்னில் இருபத்து நாலு ராடை அடுக்கி உள்ளே தள்ளச் சொன்னாள். சூடு போகாமல் சாக்கில் சுற்றித் தரவும் சொன்னாள். பக்கத்து வீட்டு ரூபியும் பங்குச் சாமியாருக்கான கேக்கை அதே மாதிரி டின்னில்தான் ஊற்றியிருந்தாள். ஆனந்தமேரியைப் பார்த்துத் தனக்கும் சாக்கு சுற்றித் தரச் சொன்னாள். முதலில் வந்து டின்னை எடுத்துப்போனவளும் ரூபிதான்.

பாகூர் போகும்வரை பிரான்சுவா ஓட்டிய ஸ்கூட்டரில் கேக் வாசனை தூக்கியது. பேக்கரியில் நின்ற புடவை, அப்படித்தான் இருக்கும் என்று ஆனந்தமேரி நினைத்துக்கொண்டாள்.

மோட்டார் கொட்டகையில் மின்சாரம் எடுத்து, கண்ணாடியை மாட்டி, டின்னைத் திறந்தாள். நட்சத்திரமாக முந்திரி பதித்த கேக்.

அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள். “ஏம்மா மேரி, இத வச்சா ஒட்டப் போற?”

பிரான்சுவா சிரித்த சிரிப்பில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே போனை எடுத்து, தட்டாஞ்சாவடி நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

பையில் 6013 ஒரு கட்டுதான் இருந்தது. கோழிக்கூண்டு ராடு. ஆனந்தமேரி உடைந்த இடத்தைத் தையல்காரி கண்ணால் பார்த்தாள். தையல் விட்டால் நூலைத் திட்டுவதற்குமுன் துணி ஓரம் பிசிறா என்று பார்க்க வேண்டாமா? இங்கே இரும்பே தெரியவில்லை. பெயின்ட், அதன்மேல் காய்ந்த சேறு, அதன்மேல் இரண்டு பேரின் வெல்டிங். தன்னுடைய கொக்கிகளையும் அப்படித்தான் ஒட்டினோம் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அதை வெளியே சொல்லவில்லை.

பழசை அறுத்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, ஓரத்தைச் சரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வரி வெல்டிங் போட்டாள். ஒவ்வொரு வரிக்கும் கசடைத் தட்டிச் சுத்தம் செய்தாள். ஆறும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு சக்கரத்தை மாட்டி டிராக்டரைச் சேற்றில் இறக்கினார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு துண்டு என்று பிரான்சுவா கேக்கைத் தின்றுகொண்டே எண்ணினார். அஞ்சலாட்சியும் கை நீட்டினாள். ஆறாவது சுற்றில் கேக் தீர்ந்தது; சக்கரம் அப்படியே இருந்தது. சுத்தியலால் தட்டினாள். கணீரென்றது.

பிரான்சுவா போனில், “மெஷின் குடுக்கிறதா இல்லைங்க” என்றார். வாய் நிறைய முந்திரி.

அந்த நேரத்தில் பேக்கரியில் விசாரித்துக்கொண்டு பைக்கில் பங்குச் சாமியார் வந்து இறங்கினார், கையில் சாக்கு சுற்றிய டின். “ரூபி குடுத்த கேக்கு கொஞ்சம் கெட்டியா இருக்கு மேரி. என்னுது எங்க?” எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அஞ்சலாட்சி மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

சாக்குக்குள் ராடு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. காயவைத்த ராடைச் சாயந்திரத்துக்குள் போட்டுத் தீர்க்காவிட்டால் வீண். தான் தங்கும் மிஷன் வீட்டு கேட்டுக்குக் கீல் விட்டு ஒரு வருஷமாகக் கயிற்றில் தொங்குகிறது என்றார் சாமியார். தின்ற கேக்குக்கு ஈடாக அன்றே போய் ஒட்டிக்கொடுத்தாள்.

ஆக 7018 கேட்ட சக்கரத்துக்கு 6013, 6013 போதுமான கேட்டுக்கு 7018. இரண்டும் நிற்கின்றன. துணிக்கேற்ற நூல் என்பதை இன்றைக்கும் வருகிறவர்களிடம் அதே அழுத்தத்தோடுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.